ஆந்த்ரேயா மேல் விழுந்த பழி

பிளாரன்ஸில் ஒரு கோடைக்கால மாலை. ஓவியர் டொமெனிகோ வெனெட்ஸியானோ வழக்கம்போல லூட் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். தெருமுனையில் பதுங்கியிருந்தவன் ஈயக்கட்டியால் வாத்தியத்தையும் வயிற்றையும் சேர்த்தே நசுக்குகிறான். அடுத்த அடி தலையில். பிறகு தன் அறைக்குத் திரும்பி, ஒன்றும் அறியாதவனாகப் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறான். சேதி வந்ததும் ஓடிப்போய்க் கதறுகிறான். டொமெனிகோ அவன் கைகளிலேயே உயிரை விடுகிறார்.

அந்தக் கொலையாளி, சக ஓவியர் ஆந்த்ரேயா தெல் கஸ்தாஞோ என்று எழுதினார் ஜார்ஜோ வசாரி. ஊரில் முன்பே உலவிய பேச்சுதான். 1550இல் வெளியான அவருடைய ஓவியர் வரலாற்று நூலில் ஏறியதும் அது தீர்ப்பாகிவிட்டது. டொமெனிகோவுக்குத் தெரிந்த எண்ணெய் வண்ண ரகசியத்தின்மீது பொறாமையாம். சாகும் தறுவாயில் ஆந்த்ரேயா குற்றத்தை ஒப்புக்கொண்டாராம். அவர் கோடுகளின் கடுமைகூட கொடூர குணத்துக்குச் சாட்சியானது.

ஏறத்தாழ 300 ஆண்டுகள் யாரும் தேதியைச் சரிபார்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கயெத்தானோ மிலனேசி என்ற ஆவணக் காப்பக அறிஞர் பழைய பதிவுகளைப் புரட்டினார். ஆந்த்ரேயா இறந்தது 1457 ஆகஸ்ட் 19, கொள்ளைநோய்க் காலத்தில். டொமெனிகோ இறந்தது 1461 மே 15. 'கொல்லப்பட்டவர்' கொலையாளிக்குப் பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறார்! இரண்டே தேதிகளில் வழக்கு முடிந்தது.

சொல்லப்பட்ட காரணமும் நிற்காது. உஃபிஸி கலைக்கூடத்தில் உள்ள டொமெனிகோவின் புகழ்பெற்ற புனித லூசி பலிபீட ஓவியம் எண்ணெய் வண்ணமே அல்ல, முட்டைக்கருவில் குழைத்த டெம்பரா. வசாரியின் கணக்குப் பிசகியது இங்கு மட்டுமல்ல. 1478இல் பிளாரன்ஸின் ஆட்சியாளர்களுக்கு எதிராக நடந்த பாட்ஸி சதிக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களை ஆந்த்ரேயா சுவரில் வரைந்ததாகவும் எழுதினார். அப்போது அவர் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆந்த்ரேயா வரைந்தது அதற்கும் முந்தைய, 1440 அங்கியாரி போருக்குப் பின் தூக்கில் தொங்கும் துரோகிகளை. 'தூக்கில் தொங்குபவர்களின் ஆந்த்ரேயா' என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயரும் வதந்திக்குத் தீனி போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

என் மனம் ஆறாதது வேறொன்றுக்காக. ஆந்த்ரேயாவின் மகத்தான 'இறுதி விருந்து' சாந்தா அப்போலோனியா கன்னியர் மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. வெளியார் நுழைய முடியாத மடம் அது. ஓவியத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் யூதாஸ் மட்டும் தனியாக. பின்னால் கொந்தளிக்கும் வரிகளோடு ஒரு பளிங்குப் பலகை. வசாரியின் நூலில் இந்த ஓவியம் பற்றி ஒரு வரி கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் மடம் மூடப்பட்ட பிறகே ஊர் அதைப் பார்த்தது. அதுவரை ஆந்த்ரேயாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது அவர் செய்யாத கொலைதான்.