தக்காளிக்கு ருசி எங்கே போச்சு?

ஒரு தப்பான டயக்னோசிஸ்ல இருந்து இந்தப் பதிவை ஆரம்பிக்கிறேன். நோயாளி என் அம்மா. டாக்டர் நான்.

மூணு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு 74 வயசு. சாப்பாடு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, எடையும் நாலு கிலோ இறங்கிருச்சு. வயசானவங்களுக்குக் காரணமில்லாம எடை குறைஞ்சா விடக்கூடாது. ரத்தம், தைராய்டு, வயித்து ஸ்கேன்னு எல்லாம் பார்த்தேன். பெருசா ஒன்னும் இல்ல. "ரசம் ருசிக்கலய்யா. இது தக்காளியே இல்ல"ன்னு அவங்க திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "வயசானா நாக்கு மரத்துப்போகும்மா"ன்னு சொல்லி ஜிங்க் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மேட்டர் முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

ஒருநாள் மாமா பெரியகுளத்துல இருந்து வந்தார். மஞ்சப்பையில அவங்க வீட்டுக் கொல்லையில காய்ச்ச தக்காளி. கோணல்மாணலா, காம்பு பக்கம் வெடிச்சுப்போய், கடையில வச்சா ஒருத்தரும் தொட மாட்டாங்க. அம்மா அதுல ரெண்டை எடுத்து, உப்பைத் தொட்டு நின்ன இடத்துலயே சாப்பிட்டாங்க. "இதான்யா தக்காளி" - அவ்வளவுதான் சொன்னாங்க.

கோவிட் சமயத்துல மோப்பம் போனவங்களை டெஸ்ட் பண்ணின மாதிரி, அன்னைக்கு அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூள், பெருங்காயம், மல்லிகைப்பூன்னு ஒவ்வொன்னா மூக்குக்கிட்ட கொண்டுபோனேன். மூணையும் சட்டுனு சொல்லிட்டாங்க. நோயாளிகிட்ட கோளாறு இல்ல, தக்காளிகிட்டதான் கோளாறு.

அப்புறம்தான் தக்காளியோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன். அதுல ஒரு சுவாரஸ்யம்: தக்காளி விஷயத்துல தப்பா டயக்னோஸ் பண்ணின முதல் டாக்டர் நான் இல்ல. எனக்கு முன்னாடி பெரிய வரிசையே நிக்குது.

தக்காளியோட காட்டு மூதாதை இன்னைக்கும் பெரு, ஈக்வடார் பக்கம் வளருது. பழம் சுண்டைக்காய் சைஸ்தான் இருக்கும். அதைப் பயிராக்கி வளர்த்தவங்க மெக்சிகோ பக்கத்து மக்கள். ஸ்பெயின்காரங்க 1519-ல அங்கே இறங்கினப்போ தக்காளி ஏற்கனவே சந்தைச் சரக்கு. 16-ஆம் நூற்றாண்டுல அங்கே வாழ்ந்த சஹாகூன் என்ற ஸ்பானியத் துறவி அஸ்டெக் மக்களோட வாழ்க்கையை விலாவாரியா பதிவு பண்ணி வச்சிருக்கார். சந்தையில பெருசு, சிறுசு, மஞ்சள், சிவப்பு, இனிப்பு ரகம்னு வகைவகையா தக்காளி விற்ற கதை அதுல இருக்கு. அழுகினதையும் நசுங்கினதையும் தலையில கட்டுற மோசமான தக்காளி வியாபாரியைப் பத்தியும் எழுதியிருக்கார். ஐநூறு வருஷமாகியும் அந்த ஆள் மட்டும் மாறவே இல்ல!

கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனதும்தான் தக்காளிக்குச் சோதனைக்காலம் ஆரம்பிச்சது. 1544-ல இத்தாலிய மருத்துவர் மத்தியோலி இதைப் பத்தி எழுதுறார். பூவையும் இலையையும் பார்த்துட்டு, விஷச்செடியான மாண்ட்ரேக் குடும்பத்துல சேர்த்துட்டார். குடும்பம் என்னவோ சரிதான். கத்தரி, மிளகாய், உருளை, ஊமத்தை எல்லாமே சொந்தக்காரங்கதான். ஆனா சொந்தக்காரன் விஷம்னா இவனும் விஷம்னு முடிவு கட்டுற பழக்கம் அங்கே இருந்துதான் வளர்ந்தது. 1597-ல லண்டன்ல ஜான் ஜெரார்டு ஒரு பெரிய மூலிகைப் புத்தகம் போட்டார். அவர் சவரமும் சத்திர சிகிச்சையும் ஒன்னா பார்த்த சங்கத்தைச் சேர்ந்தவர், அந்தக் காலத்து சர்ஜன்னு வச்சுக்கோங்க. ஸ்பெயின் மாதிரி வெப்பமான ஊர்ல மக்கள் இதைச் சாப்பிடுறாங்கன்னு அவருக்கே தெரியும். ஆனாலும் நாத்தம் பிடிச்ச செடி, உடம்புக்குச் சத்தும் இல்லன்னு எழுதிட்டார். இங்கிலாந்துல ரொம்ப காலத்துக்குத் தக்காளி அழகுச்செடியாவே தொட்டியில நின்னுச்சு.

நேப்பிள்ஸ் சமையல்காரங்க டாக்டருக்காகக் காத்திருக்கல. 1692-ல அங்கே வந்த அந்தோனியோ லத்தீனியோட சமையல் புத்தகத்துல, ஸ்பானிய பாணி தக்காளி சாஸுக்குக் குறிப்பே இருக்கு.

அடுத்த கூத்து அமெரிக்காவுல. 1834-ல ஒஹாயோவுல ஜான் குக் பென்னட் என்ற டாக்டர், தக்காளி வயித்துப்போக்கைத் தீர்க்கும், அஜீரணத்தைத் தீர்க்கும், காலராவைக்கூட அண்ட விடாதுன்னு ஒரே போடா போட்டார். பத்திரிகைகள் அதை எடுத்து எடுத்துப் போட்டுச்சு. கொஞ்ச வருஷத்துல தக்காளிச் சாறுன்னு சொல்லி மாத்திரையே கடைக்கு வந்துருச்சு! ஆர்ச்சிபால்ட் மைல்ஸ் என்ற வியாபாரி, பேருக்கு முன்னாடி டாக்டர் பட்டத்தோட மாத்திரை வித்தார். போட்டிக்கு இன்னொருத்தர் இறங்க, ரெண்டு பேருக்கும் பத்திரிகையில குழாயடிச் சண்டை. அந்தக் காலத்து டாக்டர்கள் எதுக்கெடுத்தாலும் பாதரசம் கலந்த கலோமலைக் கொடுத்தாங்க, அதுக்குப் பதிலா இதுன்னு விளம்பரம். பாதரசத்துக்குத் தக்காளி எவ்வளவோ மேல், அதை மறுக்க முடியாது. ஆனா மாத்திரை மோகம் சீக்கிரமே வடிஞ்சிருச்சு. ஜனங்க தக்காளியை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க.

(விஷமும் இல்ல, சர்வரோக நிவாரணியும் இல்ல. தக்காளி விதையால கிட்னி ஸ்டோன் வரும்னு இன்னைக்கும் என்கிட்ட வந்து சொல்றாங்க. தக்காளியில ஆக்ஸலேட் குறைவு. சிறுநீரகம் செயலிழந்து பொட்டாசியம் கட்டுப்பாட்டுல இருக்கவங்க மட்டும் உங்க டாக்டர் சொன்ன அளவோட நிறுத்திக்கோங்க.)

நம்ம ஊர் கதைக்கு வருவோம். தக்காளிங்கிற பேரு இந்தப் பழத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே தமிழ்ல இருக்கு. மணத்தக்காளி, தோலுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற குட்டித் தக்காளி எல்லாம் நம்ம வேலியோரத்துச் செடிங்க. கடல் தாண்டி வந்ததை முதல்ல சீமைத்தக்காளின்னுதான் சொன்னாங்க. அது அடுப்படிக்குள்ள நுழைஞ்சதும் சீமை உதிர்ந்துருச்சு, தக்காளின்னா இதுதான்னு ஆயிருச்சு.

சரி, ருசி எப்போ தொலைஞ்சது?

ஒரே நாள்ல இல்ல. கெட்ட எண்ணத்தோடயும் இல்ல. பழைய தக்காளி மாமா கொண்டுவந்தது மாதிரிதான் இருந்துச்சு, மேடும் பள்ளமும் வெடிப்புமா. 1870-ல ஒஹாயோவுல அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் பல வருஷப் பொறுக்குக்கு அப்புறம் வழுவழுன்னு, ஒரே மாதிரி உருண்டையான 'பாரகன்' ரகத்தைக் கொண்டுவந்தார். விவசாயிக்கு அது வரம். அப்புறம் ரயில், லாரி, டப்பா ஆலை. 1960-கள்ல கலிபோர்னியாவுல மெஷின் வச்சுத் தக்காளி பறிக்க ஆரம்பிச்சாங்க. 1964-ல மெக்சிகோ கூலியாட்களைக் கொண்டுவர்ற ஒப்பந்தத் திட்டம் முடிஞ்சதும் அது இன்னும் வேகமாச்சு. மெஷினுக்கு ஏத்த செடியை டேவிஸ் பல்கலைக்கழகத்துல ஜாக் ஹன்னா உருவாக்கினார். எல்லாக் காயும் ஒரே சமயத்துல பழுக்கணும், தோல் தடிமனா இருக்கணும், கீழே விழுந்தா உடையக்கூடாது. அது சாஸுக்குப் போற தக்காளி. ஆனா தூரத்து மார்க்கெட்டுக்குப் போற தக்காளிக்கும் ஏறக்குறைய இதே பரீட்சைதான். ருசிக்கு அதுல மார்க்கே கிடையாது.

இதுல ஒரு ஜீனோட கதை என்னை அப்படியே உட்கார வச்சிருச்சு. பழைய ரகங்கள்ல பச்சைக்காயோட தோள்பட்டை, அதாவது காம்பை ஒட்டின பகுதி, கரும்பச்சையா இருக்கும். பழுத்தாலும் சிலசமயம் அங்கே மஞ்சளோ பச்சையோ மிச்சம் நிக்கும். 20-ஆம் நூற்றாண்டோட முற்பாதியில, முழுக்க இளம்பச்சையா இருந்து சீரா சிவக்கிற ஒரு செடி கிடைச்சது. எப்போ பறிக்கணும்னு ஒரே பார்வையில தெரிஞ்சிரும், கூடையில பார்க்கவும் அழகு. உலகம் முழுக்க அந்தக் குணத்தை ரகங்களுக்குள்ள ஏத்தினாங்க. 2012-ல ஆன் பவல் குழு 'சயின்ஸ்' இதழ்ல உண்மையைச் சொல்லுச்சு: சீரா சிவக்க வைக்கிறது ஒரு பழுதான ஜீன். ஒழுங்கான ஜீன் காய்க்குள்ள பச்சையத்தைக் கூட்டுது, அந்தப் பச்சையம் வெயில்ல சர்க்கரை சமைக்குது. அசிங்கமா இருக்குன்னு நாம ஒதுக்கின பச்சைத் தோள்பட்டை, பழத்தோட சொந்த அடுப்படி!

அது ஒன்னே காரணம்னு சொல்ல மாட்டேன். பழத்தைப் பெருசாக்கினோம், எண்ணிக்கையைக் கூட்டினோம். செடியோட இலை அதே அளவு சர்க்கரையைத்தான் செய்யும், அது பங்கு பிரியும்போது மிச்ச இடத்துல தண்ணி. வாசனை இன்னும் மோசம். நாக்குக்குத் தெரியறது இனிப்பு, புளிப்பு, உப்பு மாதிரி சில ருசிதான், தக்காளியைத் தக்காளின்னு சொல்றது மூக்கு. புளோரிடாவுல ஹாரி க்ளீ, டெனிஸ் டீமன் குழு 398 ரகங்களோட மரபணுவைப் படிச்சு 2017-ல வெளியிட்டாங்க. ருசிக்கு முக்கியமான 13 மணப்பொருள்கள் நவீன ரகங்கள்ல கணிசமா குறைஞ்சு போயிருக்கு. இந்த மணங்கள்ல பலதும் ஒமேகா-3 கொழுப்பு, கரோட்டினாய்டு, அமினோ அமிலம் இதுங்கள்ல இருந்து பிறக்குது. மூக்கு ருசியை மட்டும் தேடல, சத்து எங்கே இருக்குன்னும் தேடுதுன்னு க்ளீ ஒரு கருத்து வச்சிருக்கார். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

கடைசி அடி பறிப்புல. செங்காயாவோ பச்சையாவோ பறிச்சு வர்ற வழியில பழுக்க வைக்கிறாங்க. அப்புறம் நாம வாங்கி ப்ரிட்ஜ்ல அடைக்கிறோம். 5 டிகிரியில ஏழு நாள் வச்சா மணத்தை உண்டாக்குற ஜீன்கள் அடங்கிப்போகுது, வெளியே எடுத்து ஒரு நாள் வச்சாலும் பழையபடி மீளலன்னு 2016-ல அதே புளோரிடா குழு காட்டுச்சு. தயவுசெஞ்சு பழுத்த தக்காளியை வெளியவே வைங்க. கனிஞ்சு அழுகப்போகுதுன்னா மட்டும் ப்ரிட்ஜ்.

அமெரிக்காவுல ருசியைக் காப்பாத்தினது பெரும்பாலும் வீட்டுத் தோட்டக்காரங்கதான். 1930-கள்ல மேற்கு வர்ஜீனியாவுல பைல்ஸ் என்ற ரேடியேட்டர் மெக்கானிக், படிப்பு பெருசா கிடையாது, கொல்லையில தக்காளியை ஒட்டுச் சேர்த்து ஒரு பெரிய ரகத்தை உண்டாக்கினார். நாத்து ஒன்னு ஒரு டாலர்னு வித்து, 6,000 டாலர் வீட்டுக் கடனை ஆறு வருஷத்துல அடைச்சாராம். அந்த ரகத்தோட பேரே 'மார்ட்கேஜ் லிஃப்டர்', கடன் தீர்த்த தக்காளி.

ஆசைப்பட்டு ஆன்லைன்ல அந்த விதையை வாங்கி மொட்டைமாடியில போட்டுடாதீங்க. நான் போட்டேன். 'பிராண்டிவைன்' போட்டேன், 'செரோகி பர்ப்பிள்' போட்டேன். ஏப்ரல்ல பூவெல்லாம் கொட்டுச்சு. ராத்திரியும் வெக்கை அடங்காத ஊர்ல பெரிய பழ ரகங்கள் பிஞ்சு பிடிக்கவே திணறும். அப்புறம் வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டை நோய் மிச்சத்தை முடிச்சது.

நம்ம வெயிலுக்கு என்ன வைக்கலாம்? என் முதல் சாய்ஸ் பெரியகுளம் 1. பி.கே.எம் 1ன்னு கேட்டா விதை கிடைக்கும். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்துல சடுதிமாற்றம் உண்டாக்கி வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தட்டையான உருண்டை, நல்ல புளிப்பு, காயில அந்தப் பச்சைத் தோள்பட்டை அப்படியே இருக்கும். ரசத்துக்கு இதுதான். ரெண்டாவது செர்ரி தக்காளி, சின்ன பழம்ங்கிறதால இனிப்பு செறிவா இருக்கும், வெக்கையையும் ஓரளவு தாங்கும். மூணாவது, உங்க ஊர்க் கொல்லையில யாராவது விதை எடுத்து எடுத்துப் போட்டு வர்ற நாட்டு ரகம், அது கிடைச்சா விடாதீங்க. கடை ஹைப்ரிட் பழத்துல இருந்து விதை எடுத்தா தாயைப் போல பிள்ளை வராது.

ஆறு மணி நேர வெயில், ஒரு பெரிய தொட்டிக்கு ஒரே செடி. பூ வர்ற வரைக்கும் தண்ணி தாராளமா கொடுங்க. பழம் நிறம் மாற ஆரம்பிச்சதும் செடி வாடாத அளவுக்குக் குறைச்சுக்கோங்க. நல்லா சிவந்து, தொட்டா லேசா அமுங்குறப்போ பறிங்க.

அம்மாவுக்கு எடை திரும்பக் கூடினது தக்காளியாலன்னு நான் சொல்ல வரல. அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு வேலை கிடைச்சது, தினம் ரெண்டு வேளை மாடி ஏறி இறங்குறாங்க, பசி எடுக்குது. ஜிங்க் மாத்திரை அட்டை பாதியில நிக்குது. போன வாரம் பழுத்ததுல விதை எடுத்து சாம்பல்ல புரட்டி முறத்துல காய வச்சிருக்காங்க. பக்கத்துல போனா, "கையை வைக்காதய்யா, அது மாமாவுக்கு"ங்கிறாங்க.