காம்பிஸ்

காம்பிஸ் என்பது லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில், எக்ஸ் சாளர முறைமையின் மேல் இயங்கும் ஒரு சாளர மேலாளர். சாளரங்களைத் திறந்து, நகர்த்தி, அடுக்கி, மூடுவதோடு, அவற்றையெல்லாம் ஒன்றுகூட்டித் திரையில் வரையும் பொறுப்பையும் வரைகலைச் சில்லின் துணையோடு இதுவே ஏற்கிறது. நோவெல் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ரெவ்மேன் எழுதிய இது, 2006-இன் தொடக்கத்தில் திறமூல மென்பொருளாக வெளியானது. பணியிடங்களை முகங்களாகக் கொண்டு சுழலும் கனசதுரம், தள்ளாடும் சாளரம், தீப்பற்றி மறையும் சாளரம் ஆகிய அசைவூட்டங்களால்தான் பெயர் பெற்றது. அதனாலேயே பொழுதுபோக்கு மென்பொருள் என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. அந்தக் கணிப்பு தவறு. லினக்ஸ் மேசைத்தளம் இன்று திரையை வரையும் முறையைப் பொதுப் பயனர்களிடம் கொண்டுசேர்த்ததில் காம்பிஸுக்குப் பெரும்பங்கு உண்டு.

கூட்டி வரைதல்

பழைய எக்ஸ் முறையில் ஒவ்வொரு செயலியும் திரைக்குரிய நினைவகத்திலேயே நேராக வரைந்தது. ஒரு சாளரத்தை இன்னொன்று மறைத்தால், மறைந்த பகுதியின் பிக்சல்கள் அழிந்துபோகும். மேலிருந்த சாளரம் விலகியதும், "உன் பகுதியை மறுபடி வரை" என்று கீழிருந்த செயலிக்கு, திரையை ஆளும் எக்ஸ் வழங்கி ஆணை அனுப்பும். செயலி வேறு வேலையில் மூழ்கியிருந்தால் பதில் வராது. இழுத்த சாளரத்தின் தடம் திரையெங்கும் அழுக்காகப் படிந்து நிற்கும்.

2004 செப்டம்பரில் வெளியான, எக்ஸ் முறைமையின் எக்ஸ்.ஆர்க் 6.8 பதிப்பில் காம்போசிட் என்ற நீட்சி இடம்பெற்றது. அதன்படி ஒவ்வொரு சாளரமும் திரைக்கு வெளியே தனக்கென ஒதுக்கிய நினைவகப் பரப்பில் வரையப்படும். அவற்றைச் சேர்த்துத் திரைக்கு அனுப்ப வேறொரு நிரல் இருக்கும். காம்பிஸ் அந்தப் பரப்புகளை ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தின் டெக்ஸ்சர்களாக, அதாவது பரப்பின் மீது ஒட்டும் படங்களாக, எடுத்துக்கொள்கிறது. டெக்ஸ்சராகிவிட்ட படத்தை வளைக்கலாம், சாய்க்கலாம், சுருக்கலாம், பின்னால் இருப்பது தெரியும்படி மெலிதாக்கலாம். விளையாட்டுகளுக்காக உருவான வரைகலைச் சில்லுக்கு இதெல்லாம் சிரமமே இல்லாத வேலை. இவ்வளவு நடப்பது செயலிக்குத் தெரியாது. கனசதுரத்தின் ஒரு முகத்தில் திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை எப்பக்கம் திருப்பினாலும் படம் தடைபடாமல் ஓடும்.

இந்த எண்ணம் காம்பிஸோடு பிறந்ததல்ல. ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் 2001 முதலே சாளரங்களைக் கூட்டி வரைந்தது. மைக்ரோசாஃப்டின் விஸ்டா, ஏரோ தோற்றத்தோடு 2007 ஜனவரியில் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, விலையில்லா மென்பொருளில், சாதாரண இன்டெல் சில்லில் அதைவிடத் துணிச்சலான காட்சிகளை லினக்ஸ் பயனர்கள் பார்த்துவிட்டார்கள்.

பிரிவும் சேர்க்கையும்

தொடக்கத்தில் காம்பிஸ், ரெவ்மேனே உருவாக்கிய எக்ஸ்ஜிஎல் வழங்கியின் மீது ஓடியது. ரெட் ஹாட் நிறுவனமோ, இருக்கும் வழங்கியிலேயே தேவையான மாற்றத்தைச் செய்யும் ஏஐஜிஎல்எக்ஸ் வழியை முன்வைத்தது. 2006 மே மாதத்தில் எக்ஸ்.ஆர்க் 7.1-இல் அது சேர்ந்தது. நாளடைவில் அதுவே நிலைத்தது. 2006 செப்டம்பரில் தன்னார்வலர்கள் சிலர் பெரில் என்ற கிளையாகப் பிரிந்தனர். பயனர்கள் கேட்ட செருகுநிரல்களைப் பெரில் உடனுக்குடன் சேர்த்தது. மூலத்திட்டம் நிரலின் ஒழுங்கைப் பேணியது. 2007-இல் இரு தரப்பும் சமரசமாகி, செருகுநிரல்களும் அமைப்புக் கருவியும் காம்பிஸ் ஃபியூஷன் என்ற பெயரில் ஒன்றாயின. அதே ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு லினக்ஸின் 7.10 பதிப்பு, ஏற்ற வன்பொருள் உள்ள கணினிகளில் காம்பிஸைத் தானாகவே இயக்கியது.

வன்பொருள்தான் பலருக்குத் தடையாக நின்றது. இன்டெல் 945 வரிசையின் சில்லுகளால் 2,048 பிக்சலைத் தாண்டிய அகலத்தில் முப்பரிமாண வரைவு செய்ய இயலாது. 1,280 பிக்சல் அகலமுள்ள இரண்டு திரைகளைப் அருகருகே வைத்தவர்கள் அசைவூட்டங்களை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

விளைவுகள்

காம்பிஸின் கரு மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியும் அனைத்தும் செருகுநிரல்களே. அவற்றை இயக்கவும் திருத்தவும் சிசிஎஸ்எம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு மேலாளர் பயன்படுகிறது. கனசதுரத்தை முதன்முறை இயக்கிய பலரும் ஏமாந்தது அந்த மேலாளரிலுள்ள ஓர் எண்ணால். காம்பிஸில் மேசைத்தளம் என்பது திரையைவிடப் பல மடங்கு அகலமான ஒரே பரப்பு. அதன் ஒரு துண்டைத்தான் நாம் ஒரு நேரத்தில் பார்க்கிறோம். பொது அமைப்பில் கிடைமட்ட அளவு 2 என்றிருந்தால் சுழலுவது இருபக்கத் தகடுதான். 4 என மாற்றினால் கனசதுரம் வரும். 6 என்றால் அறுகோணத் தூண். பிறகு கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை அழுத்தியபடி மவுஸால் பிடித்துத் திருப்ப வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் நுட்பமானது தள்ளாடும் சாளரம். சாளரத்தின் மீது, வரிசைக்கு 4 வீதம், 16 நிறைப்புள்ளிகள் இருப்பதாக நிரல் கணக்கிடுகிறது. அண்டைப் புள்ளிகளைக் கற்பனைச் சுருள்வில்கள் பிணைத்திருக்கின்றன. சாளரத்தைப் பிடித்து இழுத்ததும், சுட்டிக்கு மிக அருகிலுள்ள புள்ளி கையோடு வரும். மற்றவை வில்லின் இழுப்பால் சற்றுப் பிந்தி வந்து, தாண்டிப் போய், மீண்டு அமையும். அந்தப் 16 புள்ளிகளையும் கொண்டு ஒரு பெசியே வளைபரப்பு உருவாக, சாளரத்தின் படம் அதன்மீது விரிகிறது. உராய்வைக் குறைத்தால் ஆட்டம் நெடுநேரம் நீளும்; வில்லின் விறைப்பைக் கூட்டினால் அட்டை போல நிமிர்ந்து நிற்கும். பள்ளி இயற்பியலின் ஹூக் விதி விரல்நுனியில் வேலை செய்வதைக் காண இதைவிட இனிய இடம் குறைவு.

அசைவு கையைத் தொடர்ந்து வருவதால்தான் தள்ளாடும் சாளரம் சலிப்பதில்லை. மூடும்போது எரிந்து சாம்பலாகும் விளைவோ, வேலை முடிந்த பிறகும் நம்மைக் காக்க வைக்கிறது. நாள் முழுதும் கணினியில் இருப்பவர்கள் அதை விரைவில் அணைத்துவிடுவார்கள். திரையில் மழைத்துளியும் பனியும் விழும் விளைவுகள் விருந்தினருக்குக் காட்ட ஏற்றவை. அன்றாடம் உதவியவை வேறு: திறந்திருக்கும் சாளரங்களை எல்லாம் சிறிதாக்கிப் பரப்பிக் காட்டும் ஸ்கேல், பணியிடங்களை ஒருசேரக் காட்டும் எக்ஸ்போ, திரையின் எப்பகுதியையும் பெரிதாக்கும் ஜூம், நிறங்களைத் தலைகீழாக்கும் நெகட்டிவ். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குக் கடைசி இரண்டும் பெரும் துணை. செயலியைத் திருத்தாமலே எழுத்தைப் பெரிதாகவும் கருமைப் பின்னணியிலும் அவை தந்தன.

பிற்காலம்

2009-இல் காம்பிஸின் கருவும் காம்பிஸ் ஃபியூஷனும் மற்ற கிளைகளும் ஒரே திட்டமாயின. 2010-இல் வெளியான 0.9 பதிப்பு, சி மொழியிலிருந்து சி++ மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது. 2011 ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04-இன் யூனிட்டி இடைமுகம் காம்பிஸின் செருகுநிரலாகவே அமைந்ததால், உபுண்டுவின் முதன்மை மேசைத்தளத்தை ஆறாண்டுக்கும் மேலாகக் காம்பிஸ்தான் வரைந்தது. 2017 அக்டோபரில் உபுண்டு 17.10 நோம் இடைமுகத்துக்குத் திரும்பியதும் அந்தக் காலம் முடிந்தது. இதற்கிடையில் கேடிஇ மேசைத்தளத்தின் குவின், நோமின் மட்டர் ஆகிய சாளர மேலாளர்கள் கூட்டி வரைதலைத் தமக்குள்ளேயே செய்யத் தொடங்கியிருந்தன.

எக்ஸுக்கு மாற்றாக வந்துள்ள வேலாண்டில், கூட்டி வரையும் நிரலே காட்சி வழங்கியும் ஆகிறது; எக்ஸை நம்பி எழுதப்பட்ட காம்பிஸ் அங்கே இயங்காது. பழைய 0.8 வரிசையைத் தன்னார்வலர்கள் தனியே பேணி, மேட்டே போன்ற மேசைத்தளங்களில் பயன்படுத்துகிறார்கள். வேலாண்டுக்கென எழுதப்பட்ட வேஃபயர், காம்பிஸைப் பின்பற்றிக் கனசதுரத்தையும் தள்ளாடும் சாளரத்தையும் தருகிறது. கேடிஇ பிளாஸ்மாவில் இடையில் நீக்கப்பட்டிருந்த கனசதுரமும் 2024 பிப்ரவரியில் வெளியான 6-ஆம் பதிப்பில் மீண்டும் இடம்பிடித்தது.