கண்ணில் படாத படகு

வாத்து வேட்டைக்குப் போகிற படகுக்கு ரெண்டே ரெண்டு வேலைதான். ஒண்ணு, மிதக்கணும். ரெண்டு, வாத்தின் கண்ணில் படக்கூடாது. கேட்க சுலபமாத்தான் இருக்கு. ஆனா மறையணும்னா படகு தாழ்வா இருக்கணும், அலைக்குத் தாங்கணும்னா விளிம்பு உயரமா இருக்கணும். அமெரிக்காவில் கிட்டத்தட்ட இருநூறு வருஷமா நடக்கிற சண்டை இது.

நான் துப்பாக்கியைத் தொட்டவனில்லை. பிழைப்பு மினசோட்டாவில். செப்டம்பர் பிறந்துட்டா இங்கே கராஜுக்குக் கராஜ் ஒரு சின்ன அலுமினியப் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கிட்டு இருப்பாங்க. கோடையில் மீன் பிடிக்க ஓட்டினது, இப்போ வாத்துக்காக வேஷம் மாறுது. சரி, இந்தப் படகோட பூர்வீகம் என்னன்னு தோண்டினதில் கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

1836-ல் நியூஜெர்சி கடற்கரையில் ஹேசல்டன் சீமன் என்பவர் ஒரு படகு கட்டினார். பேர் ஸ்னீக்பாக்ஸ், அதாவது பதுங்கிப் போகிற பெட்டி. சுமார் 12 அடி நீளம், மேலே பலகை போட்டு மூடி, நடுவில் ஒரு ஆள் இறங்க மட்டும் ஓட்டை. வேட்டைக்காரர் உள்ளே மல்லாந்து படுத்து, மேலே கோரைப்புல்லைப் பரப்பிக்கொண்டால் தூரத்திலிருந்து பார்க்க ஒரு புல் திட்டு. செசபீக் விரிகுடாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே (கீழே என்று சொல்லணுமோ!) போனார்கள். சிங்க்பாக்ஸ் என்று சவப்பெட்டி மாதிரி ஒன்று. இரும்பு எடைகளை வைத்து, விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கே வரும்படி அமுக்கிவிடுவார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பொம்மை வாத்துகள். அந்தப் பொம்மையை இவர்கள் டெக்காய் என்கிறார்கள். வேட்டையில் இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கும் மிருகத்துக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்றே ஒரு பெயர் உண்டு. வாத்து குறைந்துகொண்டே போக, 1918-ல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது, 1935-ல் சிங்க்பாக்ஸையும் உயிருள்ள பார்வை வாத்தையும் தடை செய்தார்கள்.

அடுத்த அடி சட்டத்திடமிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வந்தது. 1940 நவம்பர் 11. முதல் உலகப்போர் முடிந்த நாளுக்கான விடுமுறை. காலையில் இதமான வெயில். மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கு ஆட்கள் மெல்லிய சட்டையோடு சின்னச் சின்ன மரப்படகுகளில் போனார்கள். மதியத்துக்குள் காற்று திரும்பியது, மழை, அப்புறம் பனி. புயலுக்கு முன்னால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. வாழ்நாளில் பார்க்காத வேட்டை! யாருக்குக் கிளம்ப மனசு வரும்? கிளம்ப நினைத்தபோது ஆற்றில் அந்தத் தாழ்வான படகால் போக முடியாத அலை. கவிழ்த்த படகுக்கு அடியில் சுருண்டு கிடந்தவர்கள் உண்டு, உறைந்து போனவர்களும் உண்டு. மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், அதில் ஏறக்குறைய பாதி வாத்து வேட்டைக்காரர்கள். மறுநாள் வினோனா ஊர்க்காரரான மேக்ஸ் கான்ராட் என்ற விமானி சின்ன விமானத்தில் தாழப் பறந்து, உயிரோடு இருந்தவர்களுக்கு சாண்ட்விச், தீப்பெட்டி, விஸ்கி எல்லாம் போட்டார். (ஆமாம், விஸ்கியும்தான்.)

அலுமினியம் வந்தது இதற்குப் பிறகு. 1944-ல் கிரம்மன் விமானக் கம்பெனியின் வில்லியம் ஹாஃப்மன், விடுமுறையில் கனமான மரமும் கேன்வாஸும் சேர்ந்த தோணியைத் தோளில் தூக்கிக் காடு கடந்தார். எரிச்சலில் வந்த யோசனைதான் அலுமினியத் தோணி. ஹெல்கேட் போர் விமானம் மட்டுமே 12,000-க்கு மேல் செய்த கம்பெனி. போர் முடிந்தது, ஆர்டர் நின்றது, தகடும் அச்சும் ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆளும் மிச்சம். 1945-ல் தோணி வந்துவிட்டது. மினசோட்டாவில் நியூயார்க் மில்ஸ் என்று ஒரு குட்டி ஊர் (பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க). அங்கே ஹோவர்ட் லண்ட் தனக்காக ஒரு அலுமினிய வாத்துப் படகு செய்தார், 1948-ல் அதுவே கம்பெனி ஆனது.

அப்புறம் என்ன, இந்தத் தகடு நாடு முழுக்கப் பரவியது. தட்டை அடி ஜான் படகு என்றால் நம்பர்தான் பேரே. 1436 என்றால் 14 அடி நீளம், அடிப்பகுதி 36 அங்குல அகலம். 1977-ல் லூசியானாவின் வாரன் கோகோ, சேற்றில் ஓடும் நீளத் தண்டு மோட்டார் விற்க ஆரம்பித்தார். நம்ம ஊர்க் கடற்கரை ஃபைபர் படகில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

அலுமினியத்தில் மூணு தொல்லை. மின்னும், சத்தம் போடும், தண்ணீர் நிறைந்தால் கல் மாதிரி மூழ்கும். மரம் அப்படி மூழ்காது. மின்னலுக்கு உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பளபளப்பில்லாத பச்சை. பிரைமர் இல்லாமல் அடித்தால் ஒரே சீசனில் தோல் உரியும். சத்தத்துக்கு பிளைவுட் தரை, மேலே கார்ப்பெட். இங்கே ஒரு கண்ணி இருக்கு. கரையான் அரிக்காத, மருந்தேற்றிய பிளைவுட்டில் செம்பு உண்டு. ஈரத்தில் அது அலுமினியத்தை அரித்துவிடும். சாதாரண பிளைவுட்டுக்குப் பெயின்ட் அடித்துப் போடுவதே மேல்.

நான் பார்த்தவரை பெரிய வில்லங்கம் நடு பெஞ்ச். இடம் வேணும், நின்னுக்கிட்டு மீன் பிடிக்கணும்னு முதல் வேலையா அதைத்தான் அறுக்கிறாங்க. பல படகுகளில் அந்த பெஞ்சுக்குள்தான் மிதவை நுரை இருக்கு. படகின் ரெண்டு பக்கத்தையும் விரியாமல் பிடித்திருப்பதும் அதே பெஞ்ச்தான். 1971-ல் படகுப் பாதுகாப்புச் சட்டம் போட்டு, 1972 நவம்பரிலிருந்து 20 அடிக்குக் குறைந்த படகில் எவ்வளவு எடை தாங்கும் என்று தகடு ஒட்டச் சொன்னார்கள். அந்தக் கணக்கு கம்பெனி அனுப்பிய படகுக்கு. அறுத்ததுக்கு இல்லை.

தகட்டில் ஆள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்த்து 600 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் உடையோடு ரெண்டு பேர் 400. மோட்டார் 110. பாட்டரி 50. ஒரு முழு முக்கால் அங்குல பிளைவுட் 60. ஆச்சு 620. இன்னும் பொம்மை வாத்து மூட்டை ஏறலை, பைப்பும் புல்லும் வைத்துக் கட்டின மறைப்பு ஏறலை, கரையில் வாலாட்டிக்கிட்டு நிக்கிற 70 பவுண்டு லாப்ரடாரும் ஏறலை.