வெயிலில் யாருக்கு ஷார்ட்ஸ்?

கோல்ஃப் திடலில் ஆண்கள் முழு பேன்ட் போட்டே ஆட வேண்டும் என்ற விதிக்கு, அது பழைய மரபு என்பதே பலரும் சொல்லும் நியாயம். ஆனால் பழைய உடை விதிகளுக்கு நடைமுறைக் காரணம் இருந்தது. பிரிட்டனில் இந்த ஆட்டம் பல ஊர்களில் பொதுநிலங்களில் நடந்தது. அங்கே நடந்து போகிறவர்கள் பந்து பறக்கும் இடம் என்று உஷாராக வேண்டும் என்பதற்காக ஆட்டக்காரர்கள் சிவப்புக் கோட்டு போட்டார்கள். லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் ஆடுகிறவர்கள் இன்றும் சிவப்பு மேலாடை அணிந்தாக வேண்டும். தடித்த கம்பளிக் கோட்டும் அப்படித்தான்: ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கடற்காற்றுக்கு அது தேவைப்பட்டது.

வெயில் நாட்டில் அந்தத் தேவை இல்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது கல்கத்தாவில். ஆக, புழுக்கம் இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. மரபும் அசையாமல் நிற்கவில்லை. கோட்டும் டையும் இருபதாம் நூற்றாண்டில் திடலை விட்டுப் போயின. டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட் 1920களில் பிரபலமாக்கிய அரைக்கைச் சட்டை அந்த இடத்துக்கு வந்தது. சட்டையைக் கொடுத்த டென்னிஸிலேயே 1933இல் பன்னி ஆஸ்டின் என்ற வீரர் விம்பிள்டன் போட்டியில் ஷார்ட்ஸுடன் இறங்கினார். பின்னர் அதுவே அங்கே வழக்கமானது. இடுப்புக்கு மேலே அத்தனையையும் மாற்றிக்கொண்ட கோல்ஃப், இடுப்புக்குக் கீழே மட்டும் பிடிவாதம் பிடித்தது ஏன்?

விதி யாருக்கு முதலில் தளர்ந்தது என்று பார்த்தால் விடை தெரியும். 1983 அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியில் ஃபாரஸ்ட் ஃபெஸ்லர் என்ற ஆட்டக்காரர் கடைசிக் குழிக்கு முன் தற்காலிகக் கழிப்பறைக்குள் போய் ஷார்ட்ஸ் மாற்றிக்கொண்டு வந்து ஆடினார். எதிர்ப்புக்காகவே செய்த அந்தக் காரியத்தால் விதி மாறவில்லை. 1999இல் சிகாகோ அருகே ஒரு போட்டியில், கடும் வெக்கையில் மட்டைப் பை சுமந்த உதவியாளர் ஒருவர் சுருண்டு விழுந்தார். அதன்பின் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர், பை சுமப்பவர்களுக்கு ஷார்ட்ஸை அனுமதித்தது. ஆட்டக்காரர்களுக்கு 2019இல்தான், அதுவும் பயிற்சிச் சுற்றுகளிலும் அமெச்சூர்களோடு ஆடும் முன்னாட்டங்களிலும் மட்டும், அனுமதி கிடைத்தது. வெயில் இருவருக்கும் ஒன்றே. கேமராவும் கூட்டமும் பார்க்கும் நாளில் ஆட்டக்காரரைப் பை சுமப்பவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலையைத்தான் பேன்ட் செய்கிறது. அது அந்தஸ்தின் அடையாளம்.

மெல்லிய முழு பேன்ட் தோலை வெயிலிலிருந்து காக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது விரும்புகிறவர் போட்டுக்கொள்வதற்கான காரணமே தவிர, எல்லாரையும் கட்டாயப்படுத்துவதற்கானதல்ல. தனியார் கிளப் தன் விருப்பப்படி விதி வகுக்கலாமே என்ற வாதம் இன்னும் வலுவானது. அதற்கும் எல்லை உண்டு. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாததைத் தொடர்ந்து, அப்படி மறுப்பதை 2014இல் தமிழ்நாடு சட்டமியற்றிக் குற்றமாக்கியது: ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் ஷார்ட்ஸுக்குப் பொருந்தாது. ஆனால் ‘எங்கள் கிளப், எங்கள் விதி’ என்பது கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்பதை அது நிலைநாட்டியது. ஒழுங்கான உடை வேண்டும் என்று கிளப்புகள் கேட்பதில் தவறில்லை. கொளுத்தும் நாளில் பேன்ட்டா ஷார்ட்ஸா என்ற முடிவை மட்டும், பை சுமப்பவரிடம் விட்டதுபோல ஆட்டக்காரரிடமும் விட்டுவிடலாம்.