மோமொதாரோ: சிறுவர் சித்திரப் படத்தில் சிங்கப்பூர்ச் சரணாகதி

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடுவர். அண்மைக் காலத்தை ஆராய்வோர் அரசாங்க ஏடுகளையும் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளையும் புரட்டுவர். சிறுவர் கண்டு களிப்பதற்கென வரையப்பட்ட ஒரு சித்திரப் படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள எவரும் எளிதில் முன்வாரார். ஆயினும், மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் ஆட்சியின் கீழ் இருந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை அறிந்துகொள்ள இத்தகைய படம் ஒன்று பெரிதும் துணைபுரிகிறது. வென்றவன் தன் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்நாட்டைப் பற்றி என்ன கதை சொன்னான் என்பதை அது அப்படியே காட்டுகிறது. 'மோமொதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்' என்பது அதன் பெயர். ஜப்பானின் முதல் முழுநீளச் சித்திரப் படமும் அதுவே.

பழங்கதையும் புதுப் போரும்

மோமொதாரோ கதை ஜப்பானியக் குழந்தைகள் யாவரும் அறிந்த பாட்டி கதை. பிள்ளைப் பேறற்ற கிழவனுக்கும் கிழவிக்கும் ஆற்றில் மிதந்து வந்த பீச்சுப் பழம் ஒன்று கிடைக்கிறது. அதனுள்ளிருந்து ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. அவன் வளர்ந்து, தினை மாவுருண்டை கொடுத்து நாய், குரங்கு, வரிக்கோழி ஆகிய மூன்றையும் தோழர்களாக்கிக்கொண்டு, அரக்கர் தீவின் மீது படையெடுத்து வென்று, பொருளோடு வீடு திரும்புகிறான்.

போர்க்காலத்தில் இக்கதைக்குப் புதுப் பொருள் கற்பிக்கப்பட்டது. மோமொதாரோ ஜப்பானானான்; அரக்கர் மேலைநாட்டாராயினர். ஜப்பானியக் கடற்படை அமைச்சின் ஆதரவில், மிட்சுயோ செயோ என்னும் இயக்குநர் 1943இல் 'மோமொதாரோவின் கடற்கழுகுகள்' என்ற 37 நிமிடப் படத்தை எடுத்தார். பெர்ல் துறைமுகத் தாக்குதலைச் சிறுவர்க்குக் கதையாக்கிய படம் அது. அதன் வெற்றியைக் கண்ட கடற்படையினர் இன்னும் பெரிய படம் ஒன்றை வேண்டினர். ஷோச்சிக்கு நிறுவனத்தில் செயோ எடுத்த அடுத்த படமே 74 நிமிடம் ஓடும் 'கடலின் தெய்வ வீரர்கள்'.

74 நிமிடப் படம் என்றால் அதன் உழைப்பு எத்தகையது? திரையில் நொடிக்கு 24 படக்கட்டங்கள் ஓடுகின்றன. அவ்வாறெனின் 74 நிமிடத்திற்கு 1,06,560 படக்கட்டங்கள் தேவை. ஒரே வரைபடத்தை இருமுறை படம் பிடிக்கும் வழக்கமுண்டு. எனினும் பல்லாயிரம் படங்களைக் கையால் வரைந்தே தீரவேண்டும். இளைஞர்கள் போர்முனைக்கு அழைக்கப்பட்டு, மூலப்பொருள்களும் அருகிவந்த நாளில் இப்பணி நடந்தது. செயோவின் ஆசிரியராயிருந்த கென்சோ மசவோக்கா நிழலுருவக் காட்சிகளை அமைத்துத் தந்தார்.

வேலைக்கு முன் செயோவுக்கு ஒரு படம் போட்டுக் காட்டப்பட்டது. அஃது எதிரி நாட்டுப் படம். வால்ட் டிஸ்னி 1940இல் வெளியிட்ட 'ஃபேன்டசியா'. பகைவனை வெல்லப் படமெடுக்கும் கலைஞன் பகைவனின் கலையையே பாடநூலாகக் கொள்ள நேர்ந்தது.

திரையில் ஒரு பள்ளிக்கூடம்

படத்தின் தொடக்கத்தில் கரடி, குரங்கு, நாய், வரிக்கோழி ஆகிய கடற்படை வீரர்கள் விடுமுறையில் தம் கிராமத்திற்கு வருகின்றனர். பெற்றோரைக் காண்கின்றனர், தம்பிமார் சூழ்ந்துகொள்கின்றனர். பின்னர் காட்சி தென்கடல் தீவொன்றிற்கு மாறுகிறது. அங்கே யானை, காண்டாமிருகம், மான் முதலிய காட்டு விலங்குகள் ஜப்பானியர்க்கு விமானத் தளம் அமைத்துக் கொடுக்கின்றன. மரம் சுமப்பதும் கூடாரம் எழுப்புவதும் ஏதோ திருவிழாப் போலக் காட்டப்படுகின்றன. எல்லா முகங்களிலும் சிரிப்பு.

அதையடுத்து வருவதே ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய காட்சி. அத்தீவின் விலங்குகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. ஆசிரியராய் நிற்பவன் ஒரு படைவீரன். எழுத்தைச் சொல்லச் சொன்னால் ஒவ்வொரு விலங்கும் தன் தன் குரலில் கத்துகிறது, வகுப்பு சந்தைக்கடையாகிறது. பிறகு அந்தப் பாடமே பாட்டாக மாற, 'அ, இ, உ, எ, ஒ' என்ற ஜப்பானிய உயிரெழுத்து வரிசையை எல்லா விலங்குகளும் ஒரே குரலில் பாடத் தொடங்குகின்றன. துள்ளலான இசையும் நகைச்சுவையும் நிறைந்த இக்காட்சியைக் கண்டு சிரியாத குழந்தை இராது.

ஆனால் அந்த விலங்குகள் யார்? அவர்களுக்கெனத் திரையில் ஒரு மொழி இல்லை. வெறும் ஓசைதான் உண்டு. எழுத்து என்பது வெளியிலிருந்து வந்த வீரன் கொடுக்கும் கொடை. அதே ஆண்டுகளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூருக்கு 'சியோனான்' என்று பெயர் சூட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் காலையில் ஜப்பானியப் பேரரசர் இருந்த திசை நோக்கி வணங்கினர், 'கிமிகாயோ' பாடினர், கத்தக்கானா எழுத்துகளை எழுதிப் பழகினர். அப்பிள்ளைகளுள் தொல்காப்பியத்திற்கும் குறளுக்கும் உரிய மொழியைப் பேசியோர் இருந்தனர். சீனமும் மலாயும் பேசியோர் இருந்தனர். எழுத்தறியா விலங்குகளாக அவர்கள் அந்தப் புதுப் பாடத்திற்கு வரவில்லை.

சிரித்துக்கொண்டே வேலை செய்யும் யானைகளும் அவ்வாறே. 1942-இலும் 1943-இலும் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டபோது மலாயாத் தோட்டப்புறங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகித் திரும்பி வாராதோர் மிகப் பலர். திரைக்கு வெளியே நடந்த அந்த உழைப்பில் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை.

கொம்பு முளைத்த தளபதிகள்

படத்தின் உச்சக் காட்சி வான்குடைப் படையின் தாக்குதல். 1942 ஜனவரி 11ஆம் நாள் செலபீஸ் தீவின் மெனாடோ நகர்ப்புறத்தில் ஜப்பானியக் கடற்படையினர் வான்குடையில் இறங்கிய நிகழ்ச்சியைத் தழுவியது அது. செலபீஸ் என்பது இன்று சுலாவெசி எனப்படும் தீவு. அக்காலத்தில் அது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆனால் திரையில் தோன்றும் அரக்கர்கள் ஆங்கிலம் பேசுகின்றனர்! தலையில் கொம்பு முளைத்த அத்தளபதிகள் மேசையருகே அமர்ந்து தட்டுத்தடுமாறி நாட்களைக் கடத்தப் பார்க்க, எதிரே அமர்ந்த மோமொதாரோ நிபந்தனையற்ற சரணாகதி ஒன்றையே வற்புறுத்துகிறான்.

இக்காட்சி எங்கிருந்து வந்தது? 1942 பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, புக்கிட் தீமாவில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில், தளபதி பெர்சிவல் தளபதி யாமாஷிதாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்த நிகழ்ச்சியே இதற்கு மூலம். ஆக, மெனாடோவின் வான்குடையும் சிங்கப்பூரின் மேசையும் ஒரே கதையில் பிணைக்கப்பட்டன. இடம் மாறியது, அரசு மாறியது, ஆனால் சிறுவர் மனத்தில் பதிய வேண்டிய வெற்றி மட்டும் பிசகவில்லை. வரலாறு எவ்வாறு கதையாக உருமாறுகிறது என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கதை இத்துடன் முடியவில்லை. கிராமத்தில் உள்ள குட்டி விலங்குகள் மரத்திலிருந்து குதித்து வான்குடை விளையாட்டு விளையாடுகின்றன. அவை குதிக்கும் தரையில் அமெரிக்கக் கண்டத்தின் படம் வரையப்பட்டிருக்கிறது. அடுத்த போர் அடுத்த தலைமுறைக்குரியது என்பது பொருள்.

கேத்தே கட்டடத்தில் ஒரு பார்வையாளர்

தோக்கியோவில் இப்படம் உருவாகிக்கொண்டிருந்த நாளில், சிங்கப்பூரில் மற்றொரு ஜப்பானிய இயக்குநர் இருந்தார். அவர் பெயர் யசுஜிரோ ஓசு. பிற்காலத்தில் 'தோக்கியோ கதை' என்ற படத்தால் உலகப் புகழ் பெற்றவர். இந்திய விடுதலைப் போரையும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸையும் பற்றி 'டில்லிக்கு, டில்லிக்கு' என்ற படத்தை எடுக்க 1943இல் அவர் இங்கு அனுப்பப்பட்டார்.

அவர் தங்கிய இடம் கேத்தே கட்டடம். 1939இல் திறக்கப்பட்ட அதன் படமாளிகை சிங்கப்பூரில் குளிர்சாதன வசதி பெற்ற முதல் படமாளிகை. அங்கேதான் 1943 ஜூலை 4ஆம் நாள் நேதாஜி இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அவ்வியக்கத்தில் சேர்ந்தோருள் பால் வெட்டும் தொழிலை விட்டு வந்த தமிழ் இளைஞர்களும் பெண்களும் ஏராளம்.

ஓசுவின் படம் நிறைவேறவில்லை. போர் நிலை மாறவே, அவருக்கு வேலை குறைந்தது. பிடிபட்ட அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்து நாளைக் கழித்தார். அவற்றுள் 'ஃபேன்டசியா'வும் ஒன்று. இத்தகைய படத்தை எடுக்கவல்லவர்களோடு போர் தொடுத்தது பெருந்தவறு என்ற எண்ணம் அப்போதே தமக்குத் தோன்றியதாக அவர் பின்னாளில் கூறியதுண்டு. ஒரே சித்திரப் படம் தோக்கியோவில் ஒருவரைப் போட்டிக்குத் தூண்டியது. சிங்கப்பூரில் மற்றொருவருக்குத் தோல்வியை முன்னறிவித்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்ததும் ஓசு தாம் எடுத்தவற்றை அழித்துவிட்டார். சிவிலியர் முகாமில் வைக்கப்பட்டு, ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தார். அவர் குழுவினர் 32 பேர். முதற் கப்பலில் 28 பேருக்கே இடமிருந்தது. சீட்டுக் குலுக்கலில் தமக்குக் கிடைத்த இடத்தை, ஊர் திரும்பத் துடித்த மற்றொருவருக்கு விட்டுக்கொடுத்து, 1946 பிப்ரவரியில்தான் அவர் நாடு சேர்ந்தார்.

ஒசாக்காவில் ஒரு மாணவர்

'கடலின் தெய்வ வீரர்கள்' 1945 ஏப்ரல் 12ஆம் நாள் வெளியிடப்பட்டது. எவருக்காக எடுக்கப்பட்டதோ அவர்கள் அப்போது நகரங்களில் இல்லை. குண்டுவீச்சுக்கு அஞ்சி நகர்ப்புறப் பள்ளிப் பிள்ளைகள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். மூத்த மாணவர்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்தனர். ஒசாக்கா நகரம் மார்ச்சு மாதத்துக் குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தது. எரியாமல் தப்பிய ஷோச்சிக்கு படமாளிகையில், முதல் நாளே 16 வயது மாணவர் ஒருவர் இப்படத்தைக் கண்டார். ஒசாமு தெசுகா என்பது அவர் பெயர்.

போர் முழக்கத்தின் அடியில் மறைந்து கிடந்த குழந்தைக் கனவையும் அமைதி வேட்கையையும் கண்டு தாம் கண்ணீர் விட்டதாகவும், என்றேனும் ஒரு நாள் தாமும் சித்திரப் படம் எடுக்க வேண்டுமென உறுதி பூண்டதாகவும் அவர் பின்னர் தெரிவித்தார். உறுதி வீண்போகவில்லை. 1963இல் தொலைக்காட்சியில் வந்த 'அஸ்ட்ரோ பாய்' அவர் படைப்பே. 1965இல் வந்த வெள்ளைச் சிங்கக்குட்டிக் கதையில், காட்டு விலங்குகள் எழுத்துப் பாடம் படிக்கும் காட்சியை அவர் மீண்டும் வைத்தார். ஆனால் அங்கே படைவீரன் இல்லை; அரக்கரும் இல்லை. ஆட்சிக் கருவியாயிருந்த பாடம் அவர் கையில் வெறும் பாடமாயிற்று.

மறைந்ததும் மீண்டதும்

போருக்குப் பின் இப்படம் அழிந்துவிட்டதென்றே பலர் நம்பினர். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஷோச்சிக்கு நிறுவனத்தின் கிடங்கில் அதன் மூலப்படச் சுருள் கண்டெடுக்கப்பட்டு, 1984இல் மீண்டும் திரையிடப்பட்டது. 2016இல் செப்பனிட்ட படி கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

இப்படத்தைப் போர்ப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கலைநயம் மிக்கது என்று புகழ்ந்துவிடுவதும் எளிது. இரண்டும் உண்மையே, ஆயின் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயனுண்டு. நல்ல இசையும் நல்ல சித்திரமும் இல்லாதிருந்தால் அந்தப் பொய் குழந்தை மனத்தில் நுழைந்திராது. குழந்தைக்குக் கதை சொல்லும் எவர்க்கும், எழுத்தறிவிக்கும் எவர்க்கும், இஃது ஓர் எச்சரிக்கை. கதையில் எல்லாரும் சிரிக்கும்போது, மரம் சுமப்பவன் யார், அவனுக்குச் சொந்த மொழி உண்டா என்று கேட்க மாணவனைப் பழக்குவது வகுப்பறையின் கடமை. சயாம் ரயில் பாதைக்குப் போன பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை மற்றெவரினும் மிகுதி.