மூன்று வாற்றும் ஒரு மண்முட்டியும்

கரவெட்டியில் நண்பன் ஒருவனின் வீட்டுப் பரணைத் துப்பரவாக்கப் போன இடத்தில் ஒரு மண்முட்டி கிடைத்தது. அதன் வாயில் ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வெளியே பார்த்தபடி இருந்தது. விளிம்புக்கும் முட்டிக்கும் இடையில் சைக்கிள் ரியூப்பில் வெட்டின வளையம். சுற்றிவர கட்டுக்கம்பி. அடியில் சின்ன ஓட்டை போட்டு இரண்டு வயரை வெளியே எடுத்து, ஓட்டையைத் தாரால் அடைத்திருந்தது. குப்பையோடு போடத் தூக்கினபோது அவனுடைய பெரியப்பா முற்றத்தில் நின்று கத்தினார்.

"டேய் தம்பியவை, அதை உடைச்சுப்போடாதையுங்கோ! தொண்ணூற்றொண்டிலை இந்த ஒழுங்கைக்கே செய்தி சொன்னது அதுதான்."

துப்பரவு வேலை அதோடு நின்றுபோச்சு. பின்னேரம் முழுக்க அவரோடு கதைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கதையும், பிறகு நாங்கள் வாசித்ததும், கணக்குப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒலிபெருக்கியின் வரலாற்றில் கலிபோர்னியாவுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1915இல் ஜென்சன், பிரிட்ஹம் என்ற இரண்டு பேர் மக்னவொக்ஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். 1925இல் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெலொக் இரண்டு பேரும் கடதாசிக் கூம்பும் சுருளும் உள்ள ஸ்பீக்கரை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். இண்டைக்கும் எங்கட வீடுகளில் இருக்கிறது கிட்டத்தட்ட அதே சாமான்தான். அதே 1925 டிசம்பரில் கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் வானொலி ஒலிபரப்பைத் தொடக்கிவைத்தார். அதற்கு முந்தின பரிசோதனை ஒலிபரப்புக்கு அவர் பாவித்தது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்கள். கிடைத்ததை வைத்துக் கட்டுகிற பழக்கம் எங்கட தீவின் வானொலிக்குப் பிறவியிலேயே இருந்திருக்கிறது.

கரவெட்டிக்கும் வானொலிக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இந்த ஊரில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை எல்லாரும் விமர்சகராகத்தான் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆனால் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' வானொலி நாடகத்தில் விதானையாராக நடித்தவரும் அவர்தான். ஒரு ஊரின் பேச்சு அந்தரத்தில் போய்த் திரும்பி அதே ஊரின் விறாந்தையில் வந்து விழுந்த காலம் அது.

சரி, முட்டிக்கு வருவம்.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கினதும் குடாநாட்டில் கரண்ட் நின்றது. பெற்றோல், சிமெந்து, உரம் இவற்றோடு பற்றறியும் தடைப் பட்டியலில் ஏறியது. ரோர்ச்சுக்குப் போடுகிற சின்னப் பற்றறிகூட இல்லை. இருந்த பழசுகளை வெயிலில் காயவைத்து, ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டு, கடைசி உயிர் வரைக்கும் பிழிந்தார்கள். அதுவும் முடிந்தபோது மிஞ்சியது சைக்கிள் டைனமோ.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றி இருந்து பிபிசி தமிழோசையோ வெரித்தாஸோ கேட்கிற காட்சியை எங்கட வீட்டு ஆக்கள் நூறு தரம் சொல்லியிருப்பார்கள். நாங்களும் சிரித்துக் கேட்டிருக்கிறோம். அதற்குள் எவ்வளவு வேலை இருந்தது என்று பெரியப்பா சொல்லும்வரை யோசிக்கவில்லை.

டைனமோ தருவது ஆறு வோல்ற், மூன்று வாற். அதுவும் ஆடலோட்டம். ரேடியோவுக்குத் தேவை நேரோட்டம். ஆகவே நாலு டயோட்டைப் பாலமாகக் கட்டி, பின்னால் ஒரு கப்பாசிற்றர் போடவேணும். அந்தப் பாலமே 1.4 வோல்ற்றைத் தின்றுவிடும். அதை ஈடுகட்ட வேகமாகச் சுற்றினால் வேறொரு ஆபத்து. டைனமோ லைற் பல்பைக் கொழுத்தவென்று செய்தது. ரேடியோ மாதிரிக் குறைவாக இழுக்கிற சாமானை மட்டும் பூட்டினால் வோல்ற் எகிறி ரேடியோ எரிந்துபோகும்.

"அதுக்கு என்ன செய்தனீங்கள் பெரியப்பா?"

"பல்பைக் கழட்டக்கூடாது. அது பக்கத்திலை எரிஞ்சுகொண்டிருக்கோணும். கூடுறதை அது குடிச்சுப்போடும். வெளிச்சத்துக்கு வெளிச்சமும் ஆச்சு."

இதைக் கேட்டுவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்களில் இரண்டு பேர் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள்.

இனித்தான் ஸ்பீக்கர். ரேடியோவுக்குள் இருந்த மூன்று அங்குல ஸ்பீக்கர் அறைக்குப் போதும், ஒழுங்கைக்குப் போதாது. சத்தத்தைக் கூட்ட அம்பிளிபயர் போடக் கரண்ட் இல்லை. ஆகவே அவர் மற்றப் பக்கத்தால் வந்தார்: இருக்கிற அரை வாற்றை வீணாக்காத ஸ்பீக்கர் ஒன்றைத் தேடினார். பெரிய கூம்பும் நல்ல காந்தமும் உள்ள ஸ்பீக்கர் அதே அரை வாற்றுக்குக் கூடச் சத்தம் தரும். இந்தக் குணத்தை டெசிபலில் சொல்வார்கள். மூன்று டெசிபல் கூடின ஸ்பீக்கர் எடுத்தால் அம்பிளிபயரை இரண்டு மடங்காக்கினதற்குச் சமம். ஆறு கூடினால் நாலு மடங்கு. ஓடாத பழைய வால்வு ரேடியோ ஒன்றுக்குள் இருந்து கழட்டின ஆறு அங்குல ஸ்பீக்கர்தான் இந்த முட்டியில் இருக்கிறது.

வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் கீச்சென்று மட்டும்தான் கேட்கும். கூம்பு முன்னே தள்ளுகிற நேரம் பின்பக்கம் இழுக்கும், முன்னலையைப் பின்னலை வந்து அழித்துவிடும். நீளமான அலைகள்தான் முதலில் அழியும், அதாவது பேஸ். பின்னலையை அடைத்துவைக்கத்தான் பெட்டி. பலகை, ஆணி, பசை ஒன்றும் வாங்க ஏலாத காலத்தில் பெட்டிக்கு முட்டி. முட்டிக்குத் தட்டையான சுவர் இல்லாதபடியால் பலகைப் பெட்டி மாதிரி அது அதிராது. ஆனால் சின்ன முட்டிக்குள் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறமாதிரி இருக்கும். பெரியப்பா மூன்று முட்டி மாற்றிப் பார்த்து, கடைசியில் தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சு அடைத்திருக்கிறார். பெரியம்மா பேசின பேச்சு இண்டைக்கும் ஞாபகமாம்.

பெட்டியின் அளவைக் கணக்கால் பிடிக்கிற முறையை 1961இல் அவுஸ்திரேலியாவில் தீல் என்ற பொறியியலாளர் எழுதினார். எழுபதுகளில் ஸ்மோல் என்பவர் அதை முழுமையாக்கினார். உலகத்தில் ஸ்பீக்கர் செய்கிற எல்லாரும் இண்டைக்குப் பாவிப்பது அந்தக் கணக்கைத்தான். கரவெட்டிக்கு அது வரவில்லை, மூன்று முட்டிதான் வந்தது. காதால் பிடித்தது கணக்குக்குச் சமம் என்று புளுக நாங்கள் வரவில்லை. இந்த முட்டியில் பேஸ் அவ்வளவு இல்லை என்பது எங்களுக்கே தெரிகிறது. ஆனால் செய்தி வாசிப்பவரின் குரல் ஒழுங்கை முடக்கு வரைக்கும் சொல்லுச் சொல்லாகப் போனதாம். அவருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

வயர் விஷயத்தை அவர் படித்தது கோயில்களில். எண்பதுகளில் சவுண்ட் சேர்விஸ்காரரோடு எடுபிடியாகத் திரிந்தவர். திருவிழாவுக்குப் பனையிலும் கம்பத்திலும் ஹோர்ன் கட்டுவார்கள். ஹோர்ன் கரகரவென்றுதான் பாடும், ஆனால் வஞ்சகமில்லாமல் வேலை செய்யும். ஒரு வாற் கொடுத்து ஒரு மீற்றரில் அளந்தால் வீட்டு ஸ்பீக்கர் 86 டெசிபல் அளவில் நிற்க, ஹோர்ன் 106ஐத் தொடும். இடைவெளி இருபது, அதாவது நூறு மடங்கு. முப்பது வாற் ஹோர்ன் செய்கிறதை அந்த வீட்டு ஸ்பீக்கர் செய்யவேணுமென்றால் மூவாயிரம் வாற் வேணும். அதற்கு முதல் அது எரிந்துவிடும்.

பிரச்சினை தூரம். கோயிலிலிருந்து நூறு மீற்றர் தள்ளி றோட்டில் ஒரு ஹோர்ன் என்று வைப்போம். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், போகவும் வரவும் இருநூறு மீற்றர். அதன் தடை ஏறத்தாழ ஏழு ஓம். ஹோர்ன் எட்டு ஓம். அம்பிளிபயர் அனுப்புகிறதில் கிட்டத்தட்டப் பாதி வயரைச் சூடாக்கவே போய்விடும். இதற்குத்தான் நூறு வோல்ற் லைன். அம்பிளிபயர் பக்கத்தில் ஒரு ரான்ஸ்போமர் வோல்ற்றைக் கூட்டி அனுப்ப, ஹோர்னடியில் இன்னொன்று குறைக்கும். முப்பது வாற் ஹோர்ன் அப்போது வயருக்கு 333 ஓம்மாகத் தெரியும். அதே மெல்லிய வயரில் இழப்பு இரண்டு வீதம். லக்ஷபானவிலிருந்து மின்சாரத்தை உயரழுத்தக் கம்பியில் கொண்டுவந்ததும் இதே காரணத்தால்தான்.

1991இல் அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்கச் சஞ்சிகையில் பிரெட் டேவிஸ் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கேபிள், ஸ்பீக்கர், அம்பிளிபயர் மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பலவிதக் கேபிள்களை அளந்து எழுதியது. முக்கியம் எதுவென்றால் தடையும் தூண்டலும், அதாவது வயரின் மொத்தமும் நீளமும் அமைப்பும்தான். அதே வருசம் இங்கே பெரியப்பா செம்பு வயர் கிடைக்காமல், ரேடியோவை முட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து வயரை ஒரு முழமாகக் குறைத்திருக்கிறார். தங்கமுலாம் பூசின கேபிளுக்கு மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்கிற ஆக்கள் எங்கட வயதிலும் இருக்கினம். மூன்று மீற்றர் வயருக்கு அது தேவையில்லை. கொஞ்சம் மொத்தமான சாதாரண வயர் போதும்.

இதை எழுதுகிற எங்களுக்கும் வாய் நீளம்தான். போன வருசம் எங்கட நிகழ்ச்சி ஒன்றுக்கு நாலு ஓம் ஸ்பீக்கர் நாலை ஒரே அம்பிளிபயரில் சமாந்தரமாகக் கட்டினோம். நாலு நாலு ஓம் சமாந்தரத்தில் ஒரு ஓம். இரண்டாவது பாட்டிலேயே மணம் வந்தது, மூன்றாவதில் புகை. பெரியப்பா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஈர்க்கால் மண்ணில் கீறிக் காட்டினார்: இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்தச் சோடிகளைச் சமாந்தரமாக்கினால் திரும்ப நாலு ஓம். பிறகு ஒரு பற்றறியை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் தொட்டார். கூம்பு வெளியே தள்ளினால் பற்றறியின் கூட்டல் தொட்ட முனைதான் கூட்டல். ஒன்றை மாறிக் கட்டினால் ஒன்று தள்ள மற்றது இழுக்கும், பேஸ் காணாமல் போகும். அண்டைக்கு எங்கட நிகழ்ச்சியில் பேஸ் வராததற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கவேணும்.

ஆனால் இந்தக் கதையை வெறும் கெட்டித்தனத்தின் கதையாகச் சொல்ல அவர் விடவில்லை. 1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்துச் சனத்தை உடனே வெளிக்கிடச் சொல்லி வாகனங்களில் அறிவித்துக்கொண்டு போனதும் ஒலிபெருக்கிதான். அந்த இரவு மழைக்குள் நடந்தவர்களில் ஒரு பகுதியினர் வடமராட்சிக்கும் வந்தார்கள். இந்த வீட்டிலும் இருந்தார்கள். "அதுக்குப் பிறகு கன காலம் ஹோர்ன் சத்தம் கேட்டால் அவை எழும்பி உடுப்புப் பையைத் தேடுவினம்," என்றார். கோயிலில் பாட்டுப் போட்டாலும் அப்படித்தானாம். முட்டி பரணுக்குப் போனது அந்த நாட்களில். காரணம் கேட்டோம். சொல்லவில்லை.

எங்கட வரலாறுகளில் தாக்குதலும் இடப்பெயர்வும் தேதியோடு இருக்கின்றன. சைக்கிளைக் கவிழ்த்துச் சுற்றினதும் ஒரு வரியாக வரும். பல்பை ஏன் கழட்டக்கூடாது என்பது எங்கேயும் இல்லை. அது தெரிந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

போன் ஒன்றைச் சின்ன அம்பிளிபயரில் பூட்டி முட்டிக்குக் கொடுத்துப் பார்த்தோம். பாடியது. கொஞ்சம் சத்தம் கூட்டினதும் கரகரவென்று உரசியது. பெரியப்பா கூம்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து மெல்ல அமத்திப் பார்த்தார். சுருள் ஒரு பக்கம் சாய்ந்து காந்தத்தில் முட்டுகிறதாம். உள்ளே போய் அலுமாரிக்குள் இருந்து பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை எடுத்துவந்து கத்தரிக்கோலால் மெல்லிய கீலம் கீலமாக வெட்டினார். அதைச் சுருளைச் சுற்றிச் செருகி நடுவுக்குக் கொண்டுவந்து, கூம்பின் விளிம்பைத் திரும்ப ஒட்டி, பசை காயும் வரை விடவேணும். "சனிக்கிழமை வாங்கோ," என்றார். "வரேக்கை நல்ல பசை ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. இது காஞ்சுபோச்சு."