பின்வரிசையில் இருந்த சிங்கப்பூர் முதலிடம் பிடித்தது எப்படி?

கணிதத்திலும் அறிவியலிலும் உலக நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் ஆய்வு என்றாலே சிங்கப்பூரின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால், இந்தப் பெருமை தொன்றுதொட்டு வந்ததா? இல்லை என்கிறது வரலாறு.

1980களின் முற்பகுதியில் நடந்த இரண்டாவது அனைத்துலக அறிவியல் ஆய்வில், பங்கேற்ற நாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை சிங்கப்பூரை முந்தின. பள்ளிப் படிப்பைப் பாதியில் கைவிடுவோர் அதிகம் என்பதை டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979-லேயே சுட்டிக்காட்டியிருந்தது. அதையடுத்து 1980-இல் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் உருவானது.

அங்கு டாக்டர் கோ டெக் ஹொங் தலைமையிலான குழு தொடக்கநிலைக் கணித நூல்களைப் புதிதாக எழுதியது. கூட்டல், பெருக்கல் தெரிந்த பிள்ளைகள்கூட பிரச்சனைக் கணக்குகளில் தடுமாறினர். அவர்களுக்காகவே கட்டம் வரைந்து கணக்கைப் புரியவைக்கும் முறை வந்தது.

மாலாவைப் போல் 3 மடங்கு மிட்டாய் ரவியிடம் உள்ளது. இருவரிடமும் சேர்த்து 48. மாலாவுக்கு ஒரு கட்டம், ரவிக்கு மூன்று கட்டங்கள். நான்கு கட்டங்கள் 48 என்றால் ஒரு கட்டம் 12. மாலாவிடம் 12, ரவியிடம் 36. இயற்கணிதம் படிக்காத குழந்தைக்கும் கணக்கு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது!

பலன் 1995-இல் வெளிப்பட்டது. 'டிம்ஸ்' எனப்படும் அனைத்துலக ஆய்வில் சிங்கப்பூரின் உயர்நிலை 2 மாணவர்கள் கணிதத்தில் 643, அறிவியலில் 607 புள்ளிகள் பெற்று இரண்டிலும் முதலிடம் பிடித்தனர்.

அண்டை நாடான மலேசியாவின் கதை வேறு. 1999-இல் அதன் படிவம் 2 மாணவர்கள் கணிதத்தில் 519 புள்ளிகள் பெற்று அனைத்துலகச் சராசரியைத் தாண்டினர். 2011-இல் அது 440 ஆகச் சரிந்தது. 2015-இல் 465 ஆகச் சற்றே உயர்ந்தாலும், 2023-இல் 411-க்கு இறங்கியது. அதே 2023-இல் சிங்கப்பூர் பெற்றது 605.

சராசரியைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 2011 ஆய்வில் கணிதத்தின் மிகக் குறைந்த தகுதி அளவான 400 புள்ளிகளைச் சிங்கப்பூர் மாணவர்களில் 99 விழுக்காட்டினர் எட்டினர். மலேசியாவில் எட்டியவர்கள் 65 விழுக்காடு. அதாவது, மூவரில் ஒருவர் அடிப்படைக் கணக்கிலேயே பின்தங்கினார்.

கெட்டிக்கார மாணவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கணக்கு வராது என்று ஒதுக்கப்படும் பிள்ளைக்கும் புரியும்படி பாடநூல் எழுதியதுதான் சிங்கப்பூரின் வெற்றிக்கு அடித்தளம். பட்டியலில் நாடு எத்தனையாவது இடம் என்று கேட்கும் பெற்றோரும் ஆசிரியர்களும், கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பதையும் கேட்பது நலம்.